வெள்ளி என்றால்

இந்த ஊரில்
ஐந்து வெள்ளி என்றால் ஒரு தட்டு மீ கோரேங்.
இயந்திரத்திடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.
ஐந்து வெள்ளிக்கிழமையா,
ஐந்து கிராம் உலோகமா,
விடியலில் செம்பனை மட்டைகளுக்கு மேலே நிற்கிறதே
அதில் ஐந்தா என்று
அது கேட்காது.
கேட்காததுதான் சிக்கல்.
தோன்றியதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

அதனால் எனக்குப் பிழைப்பு.
பாடாங் செராயில்
அ ஹெங் கைப்பேசிக் கடையின் மேல்மாடியில்
ஏர்கோன் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
கையில் பிடிக்க முடியாத காசுகளுக்குச்
சீட்டுக் கட்டுகிறேன்.
இது பெயர், இது சுருக்கம்,
இது விலை, இது எந்த நாட்டுப் பணத்தில்,
எந்த நாள், எத்தனை மணி, எந்த ஊர்க் கடிகாரம்.
பக்கத்தைப் புரட்டுகிறவர் கண்ணில் படாது,
அடிவயிற்றில் கிடக்கும்.
இரவில் இயந்திரங்கள் வந்து
அதை மட்டும் வாசித்துவிட்டுப் போகும்.
காசு ஒன்றுக்கு எனக்கு நாற்பது சென்.

லோகேந்திரன் இதைக் கேட்டுச் சிரித்தான்.
"ஆலை எடைமேடையில நான் வாங்குற துண்டு மாதிரிதானே?"
ஆமாம், அதேதான்.
குலையோடு லாரி, வெறும் லாரி, கழித்தால் வருவது,
ஓரத்தில் நேரம்.
நேரம் விழாத துண்டைக் கிராணி
விரலால்கூடத் தொடமாட்டார்.

ஒரு திங்கள் இரவு, மாமாக் கடை.
பந்து விளையாட்டு தொடங்கவில்லை.
அவன் கைப்பேசியை வாய்க்கருகே பிடித்து
"மெருலா இன்னைக்கு என்ன விலை?" என்றான்.
"மூன்று வெள்ளி எழுபது சென்" என்றது
தூக்கமே அறியாத ஒரு பெண்குரல்.
இரண்டு வருட ஓவர்டைமில் வாங்கிய நாலாயிரம் மெருலா.
மேசைத் துணியில் விரலால் பெருக்கிப் பார்த்தான்.
எல்லோருக்கும் தே தாரேக் சொன்னான்.
மகள் பாலிடெக்னிக் போக
பழைய யமஹா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம்,
நாளைக்கே முன்பணம்.

மெருலா செத்துப் பதினோரு மாதம்.
சந்தையை இழுத்து மூடிவிட்டு
யாரோ எங்கோ போய்விட்டார்கள்.
அந்த மூன்று எழுபது
நான் தட்டியது.
அறுநூறு வரிகள் ஒரே மூச்சில் முடித்த வாரம்,
தேதிக் கட்டம் காலி.
"காலியா இருந்தா விட்டுடு" என்றிருந்தார்கள்.
மனிதருக்குக் காலி என்றால் காலி.
இயந்திரத்துக்கு
நாள் குறிக்காத விலை
என்றைக்கும் இன்றைய விலை.

நான் சொல்லியிருக்கலாம்.
தேநீர் வந்தது,
சீனி கூடுதலாக இருந்தது,
குடித்தேன்.

மாடிக்குப் போய் விளக்கைப் போட்டுத்
தேதியை இட்டேன்.
பிறந்த நாளுக்குக் கட்டம் உண்டு இந்த அட்டவணையில்,
இறந்த நாளுக்கு இல்லை.
யாரும் சாகும் என்று நினைத்துச் செய்யவில்லை போலும்.
"இந்த நாள்வரை மட்டும் செல்லும்" என்ற கட்டத்தில்
அந்தச் சாவை மடித்து வைத்தேன்.
வந்து திரும்ப வாசிக்க
இயந்திரத்துக்கு மூன்று நாள் ஆனது.
முன்பணத்துக்கு ஒரு நாள் போதும்.

வெள்ளிக்கிழமை அவன் மறுபடி கேட்டான்.
"மெருலாவுக்கு இப்போதைய விலை
என்னிடம் இல்லை."
பழைய ரேடியோவைத் தட்டுவதுபோல்
கைப்பேசியைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி
என்னைப் பார்த்தான்:
"உனக்குத் தெரியுமே இதெல்லாம். கெட்டுப்போச்சா?"
"இப்பதான் சரியா வாசிக்குது" என்றேன்.
மீதியையும் சொன்னேன்.
அவன் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு
நடந்தே போனான்.

ஒரு தே தாரேக்.
தொகை: இரண்டு.
அலகு: வெள்ளி.
யாருக்கு, எந்த நாள், எத்தனை மணி,
எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.
எதுவரை செல்லும் என்ற கட்டத்தில்
இன்னும் எதுவும் போடவில்லை.